மூக்கு பொய் சொல்லவில்லை

ஒயினைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கதை தவறாமல் வந்துவிடுகிறது. பிரான்ஸில் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 நிபுணர்களிடம் கொடுத்தார்களாம். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லையாம். எல்லோரும் அதைச் சிவப்பு ஒயின் என்றே நம்பி, செர்ரி வாசம் வருகிறது, ராஸ்பெரி வாசம் வருகிறது என்று வர்ணித்தார்களாம். ஆகவே கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பது, சுழற்றி முகர்வது, மிளகு, வெண்ணெய், நனைந்த கல் என்று பெயர்களை அடுக்குவது எல்லாமே பணக்காரப் பாசாங்கு. அறிவியலே அதை அம்பலப்படுத்திவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாய்க்கு வாய் மாறி வந்த இந்தக் கதையை இன்று நன்றாகப் படித்தவர்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நான் ஏற்கவில்லை. பரிசோதனை உண்மையில் நடந்தது, நேர்த்தியாகவும் நடந்தது. ஆனால் அது சொன்னது ஒன்று, ஊர் சொல்வது வேறொன்று. இந்தத் திரிபால் நமக்கு நஷ்டம் உண்டு. கண்ணையும் மூக்கையும் கொண்டு ஒரு பானத்தை அறிந்து ரசிக்கக்கூடிய மனிதர், "இதெல்லாம் சும்மா" என்று நம்பிக் கடைசியில் விலைச்சீட்டையும் லேபிளையும் மட்டும் நம்பி வாங்குகிறார். பாசாங்கை ஒழிக்கக் கிளம்பியவர்கள் அவரைப் பாசாங்கின் கையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள்.

பிரான்ஸின் போர்தோ நகரில் நடந்த அந்தப் பரிசோதனையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜில் மொரோ, ஃபிரெடெரிக் ப்ரோஷே, டெனி துபூர்தியூ ஆகிய மூவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு அது. கலந்துகொண்ட 54 பேரும் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துக்கொண்டிருந்த இளநிலை மாணவர்கள். தேர்ந்த நிபுணர்கள் அல்லர். முதல் அமர்வில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, ஒவ்வொன்றின் மணத்தையும் சொற்களில் எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்கு ஒருவகைச் சொற்களும் சிவப்புக்கு வேறுவகைச் சொற்களும் விழுந்தன. இரண்டாம் அமர்வில் அதே வெள்ளை ஒயின் ஒரு கிளாஸில். திராட்சைத் தோலிலிருந்து எடுத்த மணமற்ற நிறமியால் சிவப்பாக்கிய அதே வெள்ளை ஒயின் இன்னொரு கிளாஸில். ஒவ்வொரு மாணவரிடமும் முன்பு வந்த சொற்களைத் திரும்பக் கொடுத்து, "இந்த மணம் எந்தக் கிளாஸில் தூக்கலாக இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

கேள்வியைக் கவனியுங்கள். "இது வெள்ளையா சிவப்பா?" என்று யாரும் கேட்கவில்லை. சாயம் கலந்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. மணத்தில் ஒன்றேயான இரண்டு கிளாஸ்களை முன்னால் வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டில் ஒன்றைச் சுட்டச் சொன்னார்கள். மூக்குக்கு அங்கே சொல்வதற்கு வேறுபாடே இல்லை. வேறுபாடு கண்ணில் மட்டும்தான் இருந்தது. எனவே கண் தீர்ப்புச் சொன்னது. சிவப்பு ஒயினுக்குரிய சொற்கள் சிவப்பாகத் தெரிந்த கிளாஸுக்குப் போயின.

ஆய்வின் தலைப்பே மணங்களின் நிறத்தைப் பற்றியதுதான். வெள்ளை ஒயினுக்கு நாம் சொல்லும் மணங்கள் தேன், எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் என்று வெளிறிய மஞ்சள் பொருள்களாகவே இருக்கின்றன. சிவப்பு ஒயினுக்குச் சொல்பவை செர்ரி, பிளம் என்று சிவந்தும் கறுத்தும் இருக்கின்றன. மணத்துக்குப் பெயர் தேடும்போது மூளை நிறத்தின் வழியே போகிறது. இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் இதற்குப் பொருள் "மணம் இல்லை" என்பதன்று, "மூக்கால் முடியாது" என்பதுமன்று. கண் முந்திக்கொண்டால் மூக்கின் சாட்சியம் கலைந்துபோகும் என்பதே. சாட்சியைக் கலைக்க முடிகிறது என்பதற்காகச் சாட்சியே இல்லை என்று சொல்லும் வழக்கறிஞரை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

இந்த ஆய்வை முன்வைத்து ஒயினின் மணத்தையே மறுப்பவர்கள், அதன் ஆசிரியர்களில் ஒருவரான துபூர்தியூ யார் என்று பார்த்ததில்லை. 2016-ல் மறைந்த அவர், போர்தோவில் வெள்ளை ஒயினின் மணத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். தாமே ஒயின் தயாரித்தவர். சாவிஞான் பிளாங்க் திராட்சையின் ஒயினில் எழும் தனி மணத்துக்குக் கந்தகம் சேர்ந்த நுண்ணிய மூலக்கூறுகளே காரணம் என்று 1990-களில் காட்டியது அவரும் தக்காதோஷி தொமினாகாவும் அவர்களுடன் இருந்தவர்களும் பணிபுரிந்த ஆய்வகம். பம்ப்ளிமாஸ், பேஷன் ஃப்ரூட் என்று சுவைஞர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்குப் பின்னால் பொருள் இருக்கிறது என்று எடுத்துக் காட்டியவர்களில் ஒருவரை, அந்த மணமெல்லாம் கற்பனை என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

அடுத்த கேலி சொற்களைப் பற்றியது. திராட்சைச் சாற்றில் மிளகு எங்கிருந்து வந்தது, வெண்ணெயை யார் கலந்தார் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், பதில் இருக்கிறது. ஷிராஸ் ஒயினில் சில சமயம் பளிச்சென்று மிளகு வாசம் அடிக்கும். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மூலக்கூறைப் பிரித்துக் காட்டினார்கள், பெயர் ரோட்டண்டோன். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் மிளகு வாசத்தைத் தருவதும் அதே ரோட்டண்டோன்தான். ஒயினில் மிளகு வாசம் வருகிறது என்று சொன்னவர் உவமை சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். லிட்டருக்குப் பதினாறு நானோகிராம் இருந்தாலே சிவப்பு ஒயினில் அதை முகர்ந்துவிடலாம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வந்தது. கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக உயர்ந்த அளவிலும் இந்த மூலக்கூறு தெரியவில்லை. ஒரே மேசையில் ஒருவர் "மிளகு" என்கிறார், பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்கிறார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டைத்தான் மறுப்பாளர்கள் "பார்த்தீர்களா, எல்லாம் புரட்டு" என்று காட்டுகிறார்கள்.

வெண்ணெயும் அப்படியே. நொதித்தல் முடிந்தபின் பாக்டீரியாக்கள் ஒயினில் உள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசிட்டைல் உண்டாகிறது. வெண்ணெய் மணப்பதும் அதனால்தான். காபர்னே சாவிஞான் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடித்தால் அது பைரசின் வகை மூலக்கூறு. காய் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட அது குறையும். எனவே அந்த வாசம் தூக்கலாக வந்தால், பழம் முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்திருக்கிறார்கள் அல்லது அந்த ஆண்டு வெயில் போதவில்லை என்று ஊகிக்கலாம். வயதான ரீஸ்லிங் வெள்ளை ஒயினில் பெட்ரோல் வாடை வீசும். பழத்தின் கரோட்டினாய்டுகள் சிதைந்து மெல்ல மெல்ல உண்டாகும் ஒரு மூலக்கூறு அதற்குக் காரணம். மஸ்கட் வகைத் திராட்சைகளில் ரோஜாவிலும் கொத்தமல்லி விதையிலும் இருக்கும் ஜெரனியோல், லினலூல் போன்றவை இருக்கின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான். தேனி மாவட்டத்துத் தோட்டத்தில் அந்தப் பழத்தை வாயில் போட்டு நசுக்கியவருக்கு, மஸ்கட் ஒயினின் மணத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்ததற்காகவே லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவையும் வாயில் உணரும் துவர்ப்பு, காரம் போன்ற தொடுவுணர்ச்சியும்தான். மற்றதெல்லாம் வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம். கொரோனா காலத்தில் மூக்கு அடங்கிப்போனவர்கள் சாப்பாடு அட்டையைத் தின்பதுபோல் இருக்கிறது என்று தவித்ததை எல்லோரும் கேட்டோம். அப்படியிருக்க, ஒயினைக் குடிப்பது மட்டும் நேர்மை, முகர்வது நடிப்பு என்று எப்படிப் பிரிக்க முடியும்? குடிப்பவரும் முகரத்தான் செய்கிறார். கவனிக்காமல் முகர்கிறார், அவ்வளவே.

இனி கண். பாசாங்குக்காரர்கள் அதிகம் உளறுவது இங்கேதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளாஸைச் சுழற்றியதும் உட்சுவரில் வழியும் தாரைகளைக் காட்டி, "பார், எவ்வளவு உயர்ந்த ஒயின்" என்று வியப்பார்கள். அது தவறு. ஆல்கஹால் விளிம்பில் விரைவாக ஆவியாகிறது. அங்கே பரப்பு இழுவிசை கூடுகிறது. திரவம் மேலே இழுக்கப்பட்டுப் பின் துளியாக வழிகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே இதை விளக்கிவிட்டார். தாரை தடித்து வழிந்தால் ஆல்கஹால் கூடுதலாக இருக்கலாம். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆனால் கண் நேர்மையாகச் சொல்லக்கூடியவை நிறைய உண்டு. ஒரு கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு ஒயினை ஊற்றி, வெள்ளைக் காகிதத்தின் மேல் நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் பார்க்காதீர்கள், திரவம் மெலிந்து முடியும் விளிம்பைப் பாருங்கள். இளம் காபர்னே என்றால் அங்கே நாவற்பழச் சாறுபோல ஊதா ஓடும். அதே ஒயின் பத்து, பதினைந்து ஆண்டு புட்டியில் கிடந்திருந்தால் ஊதா போய்ச் செங்கல் நிறம் வந்திருக்கும், ஓரத்தில் பழுப்பு படர்ந்திருக்கும். தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் நிறமிகள் டானின்களோடு சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி நிறம் மாறுகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிந்தும் விடுகிறது. வெள்ளை ஒயின் எதிர்த்திசையில் போகும். பச்சை கலந்த வெளிர் மஞ்சளில் தொடங்கிப் பொன்னாகி, அம்பர் நிறத்துக்கு வரும். சென்ற ஆண்டு வெள்ளை ஒயின் என்று லேபிள் சொல்லியும் கிளாஸில் பழுப்பு தெரிந்தால், காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறதா என்று சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. பினோ நுவார் திராட்சையின் சிவப்பு ஒயின் இயல்பிலேயே வெளிறியது. நெபியோலோ திராட்சையின் ஒயினில் விளிம்பு இளமையிலேயே செங்கல் நிறம் காட்டும். சொதேர்ன் இனிப்பு ஒயின் பிறக்கும்போதே பொன்னிறம். எனவே நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுமுன் திராட்சையைத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்தோ ஆய்வை உண்மையிலேயே மதிப்பவர் செய்யவேண்டியது கண்ணுக்கும் மூக்குக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது. வயது, தெளிவு, அடர்த்தி, பழுப்பு ஆகியவற்றைக் கண்ணிடம் கேட்கலாம். பழத்தின் பெயரைக் கண்ணிடம் கேட்கக்கூடாது. நான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துவிட்டுப் பிறகுதான் நிறம் பார்க்கிறேன். பாடப்புத்தகங்கள் இந்த வரிசையை மாற்றிச் சொல்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அவற்றைவிட அந்த 54 மாணவர்களின் அனுபவத்தையே நம்புகிறேன். முதல் முகர்தல் கிளாஸை அசைக்காமல். லேசாகப் பறக்கும் மணங்கள் அப்போதுதான் வரும். பிறகு சுழற்றினால் பரப்பு விரிந்து கனமான மணங்கள் எழும். நீண்ட மூச்சாக இழுக்க வேண்டாம். சிறிது சிறிதாக இழுத்துவிட்டு இடைவெளி விட வேண்டும். ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு சீக்கிரமே பழகி மரத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முகர்ந்தால் பாதி மணம் எழாது. அறைச்சூட்டில் வெகுநேரம் கிடந்தால் ஆல்கஹால் நெடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

உணவகத்தில் பணியாளர் புட்டியைத் திறந்து, ஆர்டர் கொடுத்தவரின் கிளாஸில் மட்டும் சொட்டு ஊற்றிக் காத்திருப்பதை நாடகம் என்று சிரிப்பவர்கள் உண்டு. அது தரச் சோதனை. தக்கையில் வளரும் பூஞ்சைகளாலும் குளோரின் சேர்மங்களாலும் டிரைகுளோரோஅனிசோல் என்றொரு பொருள் உண்டாகி ஒயினுக்குள் இறங்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும்; பழ மணம் செத்து, மழையில் நனைந்து மூடிக்கிடந்த செய்தித்தாள் கட்டின் வாடை வரும். ஒருமுறை அப்படி ஒரு புட்டி எங்கள் மேசைக்கு வந்தது. பணியாளர் "அந்த ஊர் ஒயின் இப்படித்தான் இருக்கும் சார்" என்று சாதித்தார். வற்புறுத்தியபின் அதே தயாரிப்பில் இன்னொன்றைத் திறந்தார். இரண்டு கிளாஸையும் அடுத்தடுத்து வைத்து, என்னோடு வந்திருந்த நண்பரிடம் நீட்டினேன். முகர்வதெல்லாம் வேஷம் என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர் அவர். முதல் கிளாஸில் மூக்கை வைத்ததும் முகத்தைச் சுளித்துத் தள்ளினார். இரண்டாவதில் பழம் மணந்தது. அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. ஒப்பிட ஒரு கிளாஸ் பக்கத்தில் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

மறுப்பாளர்கள் கையில் இன்னொரு ஆயுதம் உண்டு. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் நடுவர்களுக்கு ஒரே ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். 2008-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, தம் மதிப்பெண்ணை ஒரே பதக்க வரம்புக்குள் திரும்பச் சொன்னவர்கள் பத்தில் ஒருவரே. இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே அமர்வில் டஜன் கணக்கில் முகர்ந்து, மணத்தை எண்ணாக மாற்றி, எண்ணைப் பதக்கமாக மாற்றும் முறை நம்பகமற்றது. விலைக்கும் இன்பத்துக்கும் உறவு பலவீனம் என்பதும் சரி. லேபிளை மறைத்துக் கொடுத்தால் சாதாரணமாக ஒயின் குடிப்பவர்கள் விலையுயர்ந்ததை அதிகம் விரும்புவதில்லை என்று பெரிய அளவில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. மதிப்பெண்ணையும் விலையையும் தாக்குங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஒரு பாடகருக்கு நடுவர்கள் போட்ட மார்க் ஆளுக்கு ஆள் வேறுபட்டால், பாட்டில் சுருதியே இல்லை என்று ஆகாது. மதிப்பெண் 88-ஆ 92-ஆ என்பது வேறு கேள்வி. கிளாஸில் பச்சைக் குடைமிளகாய் வாசம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான தோல்வியை இரண்டாவதின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல.

இதே மறுப்பாளர்கள் 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சோதனையையும் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் கலிஃபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் சிவப்புக்கும் 1973 ஷாத்தோ மாந்தெலேனா வெள்ளைக்கும் முதலிடம் கொடுத்துவிட்டார்கள். எனவே அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. லேபிள் கண்ணில் பட்டிருந்தால் அவர்கள் பிரான்ஸுக்கே மகுடம் சூட்டியிருப்பார்கள். லேபிளை மறைத்ததும், தம் நாட்டுப் பெருமைக்கு எதிராகக்கூட மூக்கும் நாக்கும் பேசின.

பணக்காரர்களின் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. முகர்ந்தறியும் திறமை முதலில் யாருக்கு வேண்டியிருக்கிறது? நாசிக்கிலும் போர்தோவிலும் தொட்டியருகே நிற்கும் பாதாள அறைத் தொழிலாளிக்கு. நொதிக்கும் தொட்டியில் அழுகிய முட்டை வாடை எழுந்தால் ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதவில்லை என்று அவர் சந்தேகிக்கிறார். உடனே சத்துச் சேர்த்தோ காற்றுப் படுத்தியோ காப்பாற்றலாம், விட்டுவிட்டால் வாடை ஒயினோடு ஒட்டிக்கொள்ளும். நெயில் பாலிஷ் நெடி எழுந்தால் எத்தில் அசிட்டேட் கூடுகிறது, ஒயின் காடியாகும் திசையில் போகிறது. குதிரை லாயம்போல் வீசினால் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் பீப்பாய்க்குள் புகுந்திருக்கிறது. ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருக்க எப்போதும் நேரம் இருக்காது. இந்த வேலையைச் செய்பவர்கள் யாரும் சீமான்கள் அல்லர். முகர்வது புரட்டு என்று அந்தத் தொழிலாளியிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய கூலி அந்த மூக்கை நம்பி இருக்கிறது.

தொடங்கிய கதைக்கே திரும்பினால், நியூசிலாந்தில் வெண்டி பார் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, கதை சொல்பவர்களின் காதுக்கு ஏனோ எட்டவில்லை. அங்கே அனுபவமுள்ள ஒயின் நிபுணர்களிடமே வெள்ளை ஒயினைச் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். கண் அவர்களையும் இழுத்தது. ஆனால் உள்ளே இருப்பது தெரியாத கிளாஸில் அதே ஒயினைக் கொடுத்தபோது அவர்கள் மணத்தை இன்னும் சரியாகச் சொன்னார்கள். கண்ணை விலக்கியதும் மூக்கு தன் வேலையைச் செய்தது.

இதைச் சோதிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. ஒரு சாவிஞான் பிளாங்க், ஓக் பீப்பாயில் கிடந்த ஒரு ஷார்டனே, இரண்டையும் ஒரே குளிரில் வையுங்கள். வீட்டிலுள்ள எவர்சில்வர் டம்ளர் மூன்றை எடுத்து, இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றச் சொல்லி, ஊற்றுபவரை அறையைவிட்டு வெளியே அனுப்புங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, குடிக்காமல், முகர்ந்து மட்டும் தனித்து நிற்கும் டம்ளரைக் கண்டுபிடியுங்கள். வரிசையை மாற்றி மாற்றி ஆறு சுற்று நடத்துங்கள். சுற்றுக்கிடையே சில நிமிடம் மூக்குக்கு ஓய்வு கொடுங்கள். குருட்டாம்போக்கில் ஆறும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 729-ல் ஒன்று. முகர்வது பாசாங்கு என்று இதுவரை எழுதியவர்கள் முதலில் இந்த ஆறு சுற்றையும் முடித்துவிட்டு, தமக்கு எத்தனை சரியாக வந்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.